ஒத்திகைப் பொட்டலம்

கொஞ்சம் தள்ளி உட்காருங்கள் அண்ணாச்சி. பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் இந்த டிரைவர் போடுகிற பிரேக்கில் பழமெல்லாம் முன் சீட்டுக்காரன் காலடிக்குப் போய்விடும். நல்ல சீப்பாக வாங்கியிருக்கிறீர்கள். மேலே மல்லிகைப்பூ, வெற்றிலைக் கட்டு, அல்வா டப்பா. இதைப் பார்த்தபிறகு எங்கே போகிறீர்கள் என்று கேட்கவா வேண்டும்? முன்னால் பட்டுச் சேலையில் இருப்பது வீட்டம்மாதானே? திரும்பித் திரும்பிப் பார்க்கிறார்களே, அதில் தெரிந்தது.

தாழைமுனைக்கா? நானும் அங்கேதான். கடைசி நிறுத்தம். நிதானமாகப் பேசிக்கொண்டு போகலாம்.

என் பையிலும் விருந்துச் சாமான்தான். பால் பாக்கெட்டு, மிக்சர், நல்ல பிஸ்கட்டு. மகள் காலையிலேயே விரட்டிவிட்டாள். "நாலு மணிக்குள்ள வந்திருங்கப்பா. இஸ்திரி போட்ட சட்ட கட்டில்மேல இருக்கு. டவுன்ல யார்ட்டயும் வாய் குடுக்காதீங்க." யார் வருகிறார்கள் என்று கேட்டால் சொல்ல மாட்டாள். ஆஸ்பத்திரியில் அவளோடு வேலை பார்க்கிறவர்கள் யாராவது இருக்கும். அவள் எல்லாவற்றையும் மூடித்தான் வைப்பாள், அரசாங்கம் மாதிரி. நானும் கேட்கிறதை விட்டுவிட்டேன்.

அது கிடக்கட்டும். பெண் நர்ஸ்தானே? நினைத்தேன். பெயரைச் சொல்ல வேண்டாம். விலாசச் சீட்டெல்லாம் எடுக்க வேண்டாம், சட்டைப்பையிலேயே இருக்கட்டும். தாழைமுனையில் நர்ஸ் வேலை பார்க்கிற பெண்ணைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் எந்த வீடு என்று எனக்குத் தெரியாதா? கஸ்பார் வீடு. ஊர்க்கமிட்டித் தலைவராக இருந்த கஸ்பார். பெண் பிளாரன்ஸ்.

இல்லை இல்லை, நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம். என்னைப் பேச விடுங்கள். உங்களைப் பார்த்தால் நல்ல மனிதராகத் தெரிகிறது. தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக்கூடாது என்றுதான் சொல்கிறேன். இதில் எனக்கு ஒரு லாபமும் இல்லை.

சன்னல் வழியாகப் பாருங்கள். பனைகளுக்கு அந்தப்பக்கம், முட்டையைக் கவிழ்த்து வைத்த மாதிரி வெள்ளையாகத் தெரிகிறதா? அதுதான் அணு உலை. அதைச் சுற்றி ஒரு சுவர். சுவருக்கும் எங்கள் குடியிருப்புக்கும் நடுவில் ஒரு மைதானம். அந்த மைதானத்தில்தான் ஒத்திகை நடக்கும்.

ஒத்திகை என்றால், உலையில் ஏதாவது ஆபத்து வந்தால் ஊர்க்காரர்கள் என்ன செய்ய வேண்டும் என்று பழக்கிக் கொடுப்பது. சங்கு ஊதும். நாங்கள் எல்லோரும் மைதானத்துக்கு ஓடிப்போய் வரிசையாக நிற்க வேண்டும். ஜீப்பில் ஓர் அதிகாரி வந்து, நன்றாக ஓடினீர்கள் என்று பாராட்டுவார். அப்புறம் ஆளுக்கொரு பொட்டலம். புளியோதரை, அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம். வாடைக்காற்று அடித்து கட்டுமரம் கடலில் இறங்காத மாதங்களில் அந்தப் பொட்டலம் எங்களுக்குப் பெரிய காரியம் அண்ணாச்சி. என் வீட்டுக்காரி பெர்பெத்து மாதாவிடம் வேண்டிக்கொள்வாள்: "தாயே, இந்த வாரமாவது சங்கு ஊதட்டும்."

அப்படித்தான் பழக்கினார்கள். ஆபத்து என்றால் எங்கே ஓட வேண்டும்? உலையைப் பார்த்து ஓட வேண்டும். எந்த ஊரிலாவது இப்படி உண்டா? எங்களில் ஒருவருக்கும் அது அப்போது தோன்றவில்லை. எனக்கும்தான்.

முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் நான் கடலில் இருந்தேன். அங்கிருந்து கரை ரோடு தெரியும். டவுன்ஷிப்பிலிருந்து, அதுதான் உலை அதிகாரிகளின் குடும்பங்கள் இருக்கிற இடம், பஸ் பஸ்ஸாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ஒரு பஸ்ஸிலாவது சன்னல் திறந்திருக்க வேண்டுமே? எல்லாம் மூடியிருந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சுற்றுலா போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு நான் வலையை இழுத்தேன்.

அதற்கப்புறம்தான் சங்கு ஊதியது. பாதியிலேயே நின்றுவிட்டது. யாரோ கையைப் பிடித்துத் தடுத்த மாதிரி. வழக்கமாக மூச்சுப் பிடித்து ஊதுகிற சங்கு அது.

கரையில் என்ன நடந்தது என்று பெர்பெத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண்களெல்லாம் தூக்குச்சட்டியோடு ஓடியிருக்கிறார்கள். முதல் ஆளாகப் போனது கஸ்பாரின் பெண்டாட்டி. தலைவர் வீட்டம்மா அல்லவா, வயிற்றில் ஏழு மாதப் பிள்ளை வேறு, அவளுக்கு முதல் பொட்டலம். பெர்பெத்து எங்கள் மகள் மெட்டில்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பிள்ளை அப்போதுதான் நாலு வார்த்தை பேசத் தொடங்கியிருந்தது.

ஜீப் வரவில்லை. வெயில் ஏறியது. உலைச் சுவரோரம் நிழல் இருந்தது. எல்லோரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். பிள்ளைகள் மண்ணில் விளையாடின. சுவருக்கு அந்தப்பக்கம் குக்கர் சீறுகிற மாதிரி விடாமல் ஒரு சத்தம். "புளியோதர கிண்டுறாங்கடி, அதான் நேரமாவுது" என்று பெர்பெத்து சொன்னாளாம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம். சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டாள்.

நான் கரை ஏறினபோது மத்தியானம் தாண்டிவிட்டது. மைதானத்துக்குப் போனேன். அப்போதுதான் ஜீப் வந்தது. அதிகாரி இறங்கவில்லை. மூக்கில் கைக்குட்டை. சுவரோரம் இவ்வளவு சனத்தைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன் அண்ணாச்சி. "இவங்கள யாருய்யா இங்க வரச் சொன்னது?" என்று பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டார். அவன் காதில் என்னவோ சொன்னான். உடனே மைக்கை எடுத்தார்.

"இது ஒத்திகை. பொதுமக்கள் நல்ல ஒத்துழைப்புக் குடுத்தீங்க. ஒண்ணும் நடக்கல. பொட்டலம் வருது."

பொட்டலம் வந்தது. அன்றைக்குப் புளியோதரை இல்லை. பிரியாணி! டவுனில் பெரிய ஓட்டல் பொட்டலம். வீட்டுக்கு எத்தனை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ஒத்திகைக்கு எவனாவது பிரியாணி போடுவானா? நான் அங்கேயே கேட்டேன். கஸ்பார் என்ன சொன்னான் தெரியுமா? "ஏ இஞ்ஞாசி, பொட்டலம் வந்தாச்சுல்ல. அப்போ ஒத்திகைதான். வாய மூடிட்டுத் தின்னு." சனமும் அதைத்தான் சொன்னது. ஒத்திகை என்றால் பொட்டலம் உண்டு, பொட்டலம் வந்துவிட்டது, ஆகவே ஒத்திகைதான். அதற்குமேல் யோசிக்க யாரும் தயாராக இல்லை.

என் மச்சினன் சிலுவை, பெர்பெத்துவின் தம்பி, உலைக்குள் காண்டிராக்டு வேலை பார்த்தான். அன்றைக்கு வேலைக்குப் போனவன் ராத்திரி வீடு திரும்பவில்லை. அப்புறம் வந்தான், மொட்டைத் தலையோடு. உடம்பில் புதுச் சட்டை, புதுக் கைலி. "என்ன மாப்ள, வேளாங்கண்ணிக்கா போன?" என்று கேலி பண்ணினேன். அவன் சிரிக்கவில்லை. "தண்ணி சிந்திருச்சு மச்சான். தொடச்சோம். அவ்வளவுதான். கேக்காதீங்க, கையெழுத்து வாங்கியிருக்காங்க." போட்டுக்கொண்டு போன சட்டை திரும்பி வரவே இல்லை. சில வருஷத்தில் அவனும் போய்ச் சேர்ந்தான். ரத்தத்தில் வியாதி என்றார்கள்.

அப்புறம் பெர்பெத்து. தொண்டையில் கட்டி. டாக்டர் கேட்டார், புகையிலை போடுவார்களா என்று. ஜெபமாலையைத் தவிர எதையும் உருட்டி அறியாதவளைப் பார்த்துக் கேட்டார். கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுத்தேன். "குறிப்பிட்ட நாளில் நடந்தது பாதுகாப்பு ஒத்திகை மட்டுமே" என்று பதில் வந்தது. மேலே மேலே எழுதினேன். எல்லா இடத்திலும் அதே வாய்.

அப்போது சென்னையிலிருந்து ஒரு பேப்பர்காரர் வந்தார். ஊரில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. நான் திறந்தேன். எனக்கு என்ன பயம்? பஸ், சங்கு, சுவர், பிரியாணி, சிலுவையின் மொட்டை, எல்லாம் சொன்னேன். படம் எடுத்துக்கொண்டார். கட்டிலில் பெர்பெத்து, பக்கத்தில் நான், பள்ளிக்கூட யூனிபாரத்தோடு மெட்டில்டா. படத்துக்குக் கீழே, "அன்று சுவரோரம் இருந்த குழந்தை" என்று போட்டிருந்தார்கள். நல்ல பெரிய படம். அந்தப் பேப்பரைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு எங்கள் கரைக்கு ஐஸ் லாரி வரவில்லை. தாழைமுனை மீன் என்றால் எவனும் வாங்கவில்லை. கருவாடுகூட விலை போகவில்லை. உடனே கஸ்பார் என்ன செய்தான்? டவுனிலிருந்து நாலு பேப்பர்காரர்களைக் கூட்டிக்கொண்டு வந்து, கடற்கரையில் நின்று, பச்சைச் சாளை மீனை அப்படியே கடித்துத் தின்றான். "எங்க கடல் சுத்தம். எங்க மீன் சுத்தம். ஒண்ணும் நடக்கல. அந்த இஞ்ஞாசி குடிகாரன்." மீன் செதில் அவன் மீசையில் ஒட்டியிருந்தது. அந்தப் படமும் வந்தது.

கவனியுங்கள் அண்ணாச்சி. அந்த அதிகாரி சொன்னதையே இவனும் சொன்னான், வார்த்தை மாறாமல். அவனாவது சம்பளத்துக்குச் சொன்னான். இவன் பெண்டாட்டி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள்! வயிற்றில் பிள்ளையோடு உட்கார்ந்தவள்!

மீன் விற்க வேண்டுமே, ஊர் பிழைக்க வேண்டுமே என்பார்கள். எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். எனக்கு அந்த நியாயம் வேண்டாம்.

ஊர்க்கூட்டம் போட்டு என்னை விலக்கி வைத்தார்கள். என் மரத்தைத் தள்ள ஒரு கை வராது. கடையில் உப்புத் தர மாட்டார்கள். நான் போனால் குழாயடியில் இருக்கிற பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த நேரத்தில்தான் பெர்பெத்து போனாள். கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. சாமியார் நல்லவர்தான், ஆனால் மணிக்கயிறு கமிட்டியின் கையில். பெட்டியைத் தூக்க ஆள் இல்லை. அடுத்த ஊரிலிருந்து என் அக்கா பிள்ளைகள் வந்து தூக்கினார்கள். கல்லறைக்குப் போகிற வழியெல்லாம் வீட்டுக்கு வீடு கதவைச் சாத்தியிருந்தது. கஸ்பார் வீட்டுக் கதவும் சாத்தியிருந்தது. அந்தக் கதவைப் பார்த்து நான் ஒரு வார்த்தை சொன்னேன். என்ன சொன்னேன் என்று உங்களுக்கு வேண்டாம்.

வியர்க்கிறதே உங்களுக்கு. சன்னலை இன்னும் கொஞ்சம் திறக்கட்டுமா? நீங்கள் எதுவோ சொல்ல வருகிறீர்கள், தெரிகிறது. இருங்கள், முக்கியமான இடம் இனிமேல்தான்.

மெட்டில்டா படித்தாள். அக்கா வீட்டில் தங்கி நர்சிங் முடித்தாள். ஆமாம், என் மகளும் நர்ஸ்தான், டவுனில் பெரிய ஆஸ்பத்திரியில். அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. நல்ல இடம். எங்கள் வழக்கம் தெரியுமோ என்னவோ, கல்யாணத்துக்கு முன்னால் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், இதற்குத் தடை ஏதாவது இருப்பதாக அறிந்தவர்கள் சொல்லுங்கள் என்று. முதல் ஓலை வாசித்தாயிற்று. இரண்டாம் ஓலை வாசித்தாயிற்று. மூன்றாம் ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னாலேயே மாப்பிள்ளை வீட்டார் வந்து நின்றார்கள். கையில் பேப்பர். அதே பேப்பர், அதே படம். "அன்னிக்கு செவரோரம் இருந்தது உங்க பொண்ணுதானே? நாளைக்குப் பிறக்குற பிள்ளைக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" என்று கேட்டார்கள். மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை.

பேப்பரை அவர்களுக்கு யார் கொடுத்தது? கஸ்பார்தான். வேறு யார் கொடுப்பார்கள்? மாநிலம் முழுக்க விற்ற பேப்பர் அது, யார் கையிலும் இருக்கும் என்று மெட்டில்டா சொல்கிறாள். அவளுக்கு உலகம் தெரியாது.

அன்றைக்கு நான் கோயில் வாசலில் நின்று சொன்னேன், எல்லோரும் கேட்க. "கஸ்பாரு, உன் வீட்டுல மூணாம் ஓல வாசிக்க விட மாட்டேன்." சொன்னேன், செய்கிறேன்.

அந்த அதிகாரி எங்கே இருக்கிறானோ? டெல்லியில் இருப்பான், வெளிநாட்டில் பிள்ளை வீட்டில் இருப்பான், செத்திருந்தாலும் இருப்பான். அவனை நான் எங்கே போய்ப் பிடிப்பேன்? கஸ்பார் இருக்கிறான், நாலு வீடு தள்ளி. கைக்கு எட்டுகிற தூரம்.

பிளாரன்ஸைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் இந்த பஸ்ஸில்தான் வர வேண்டும். வேறு பஸ் கிடையாது. பழச்சீப்பும் பூவும் பார்த்தால் நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுவேன். முதலில் வந்தவர்கள் கடைசி நிறுத்தத்தில், குருசடிச் சிலுவைக்குப் பக்கத்தில் இறங்கி எதிர்ப் பக்கத்தில் போய் நின்று, வந்த பஸ்ஸிலேயே திரும்பினார்கள். அடுத்த கூட்டம் வீடு வரைக்கும் போய், காப்பி குடிக்காமல் எழுந்தார்களாம். நான் பொய் சொல்லவில்லையே? வயிற்றில் இருந்த பிள்ளை அவள்தான். அம்மா முதல் ஆளாய் ஓடிப்போய் உட்கார்ந்தது உண்மை. பச்சை மீனைத் தின்ற அப்பனின் மகள், அதுவும் உண்மை. உண்மையைச் சொல்கிறவனை அன்றைக்கு விலக்கி வைத்தார்கள். இன்றைக்கு அதே உண்மை அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்கிறது.

ஒருநாள் கஸ்பார் என் வீட்டுக்கே வந்தான். தலை நரைத்து, கம்பு ஊன்றி. வாசலில் நின்றான், உள்ளே கூப்பிடவில்லை.

"இஞ்ஞாசி, நான் செஞ்சதுக்கு என்னைய என்ன வேணும்னாலும் பண்ணு. எம்புள்ள உனக்கு என்னடே செஞ்சா?"

"எம்புள்ள உனக்கு என்ன செஞ்சா?" என்று கேட்டேன்.

"சத்தியமா அந்தப் பேப்பர நான் குடுக்கல."

"ஒண்ணும் நடக்கலன்னு சொன்ன வாய்தானடே அது."

போய்விட்டான். அன்றைக்கு ராத்திரி வயிறாரச் சாப்பிட்டேன் அண்ணாச்சி. பெர்பெத்து போனபிறகு அப்படி ருசித்துச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

ஆனால் என் மகள் இருக்கிறாளே, ரோஷம் கெட்ட கழுதை. அவளுக்கும் பிளாரன்ஸுக்கும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பஸ். ஒரே டப்பாவில் சாப்பிடுகிறார்கள்! இரண்டாவது கூட்டம் எழுந்து போன அன்றைக்கு வீட்டுக்கு வந்து நேராகப் போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் சொன்னாள்: "நீங்க பிளாரன்ஸ சொல்லும்போதெல்லாம் என்னையும் சேத்துத்தான்ப்பா சொல்றீங்க." இது என்ன கணக்கோ. நான் இவள் பெயரை எடுக்கவே இல்லையே. "ஆஸ்பத்திரில எத்தனையோ தடவ டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டேன், எனக்கு ஒண்ணுமில்ல. அத யார்ட்டயாவது சொல்லியிருக்கீங்களா?" என்றாள். ஒன்றுமில்லை என்றால் அப்புறம் உன் அம்மா எதற்குச் செத்தாள் என்று கேட்டேன். அழுதுகொண்டே உள்ளே போய்விட்டாள்.

அவளைக் கேட்டு வாசலுக்கு ஒரு ஆள் வந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. இனி வரவும் மாட்டார்கள், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அது போகட்டும் என்று நானும் மனதை ஆற்றிக்கொண்டேன். ஆனால் கஸ்பார் வீட்டில் மட்டும் மேளம் கேட்கக்கூடாது.

வந்துவிட்டது, குருசடி. அந்தச் சிலுவைக்கு எதிரில்தான் திரும்புகிற பஸ் நிற்கும். நீங்கள் வீட்டம்மாவிடம் பதமாகச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கள். சங்கடப்படாதீர்கள். பெரியவர்கள் செய்த பாவத்துக்கு...

என்ன? சீட்டா? இனிமேல் எதற்கு அது... சரி, படியுங்கள்.

இன்னொரு தடவை படியுங்கள்.

இஞ்ஞாசி என்றா போட்டிருக்கிறது? குருசடிக்கு மேற்கே மூன்றாவது வீடு...

இல்லை அண்ணாச்சி. கஸ்பார் வீடு என்று எழுத வந்து மாற்றி எழுதியிருப்பார்கள். ஆஸ்பத்திரியில் இரண்டு பேரும் ஒன்றாக... உங்கள் பையன் அங்கேதான் வேலை பார்க்கிறானா? லேபிலா? மெட்டில்டாவை அவனுக்கே... அவனாகவே கேட்டானா? அவளும் சரி என்றாளா?

அவனுக்கு எல்லாம் தெரியுமா? தெரிந்துதான் கேட்டானா? உங்களுக்குத்தான் சொல்லவில்லையா?

இருங்கள். இறங்காதீர்கள். கண்டக்டர் தம்பி, ஒரு நிமிஷம், பெரியவர் பூவை இங்கேயே விட்டுவிட்டுப் போகிறார். அண்ணாச்சி, அந்தப் பக்கம் போகாதீர்கள், வீடு இந்தப் பக்கம். அம்மாவிடம் ஒன்றும் சொல்லாதீர்கள். அவர்கள் இறங்கி நிற்கிறார்கள் பாருங்கள், வெயிலில். அதோ வேலிக்குப் பக்கத்தில் நீலச் சேலையில் நிற்கிறாள், அவள்தான் மெட்டில்டா. இந்தப் பக்கம்தான் பார்க்கிறாள். கூட நிற்பது பிளாரன்ஸ்.

எனக்கு வாய் நீளம் அண்ணாச்சி. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், குடிகாரன் என்பார்கள். கஸ்பாரையே கேளுங்கள், அவன் சொல்வான். எங்கள் மீனெல்லாம் சுத்தம். என் பெண்டாட்டிக்குப் புகையிலைப் பழக்கம் இருந்தது. டாக்டரே சொன்னார். அந்தப் படத்தில் இருக்கிறது வேறு பிள்ளை.

கையை விடமாட்டேன், கேளுங்கள். ஒன்றும் நடக்கவில்லை. அது ஒத்திகைதான் அண்ணாச்சி. பொட்டலம்கூடக் கொடுத்தார்களே.